கால் தொட ஒரு வயது

1

இந்த வாரத்தோடு என் அறை திறந்து ஒரு வருஷம் ஆகிறது. டாக்குரியா ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. ஒரு பக்கம் ஹோமியோபதி மருந்துக்கடை, இன்னொரு பக்கம் இஸ்திரிக்கடை. நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் என் சாம்ராஜ்யம். ஒரு மசாஜ் மேஜை, நான் உட்கார ஒரு குட்டை ஸ்டூல், எண்ணெய்க் குப்பிகளுக்கு ஓர் அலமாரி, துவைத்து மடித்த துண்டுகள், சுவரில் உரிமமும் சான்றிதழும். பெண்களுக்கு மட்டும். காலை பத்து முதல் மாலை ஏழு வரை. போர்டு முழுக்க வங்காளத்தில் இருக்கிறது. கீழே ஓர் ஓரத்தில் தமிழில் ‘தங்கம்’ என்று என் பெயரை எழுதச் சொன்னேன். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுவது போல வரைந்து கொடுத்தார்.

தென்காசியில் இருக்கும் என் தங்கை, போனில் ‘மசாஜ்’ என்ற சொல் வந்தாலே குரலைத் தணித்துக்கொள்வாள். சொந்தக்காரர்கள் கேட்டால் “எங்க அக்கா ஏதோ தெரபி பாக்கா, ஆஸ்பத்திரி மாதிரி” என்று சொல்லிச் சமாளித்துவிடுவாளாம். அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாதா? அதனால் இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு நானே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் நான் கூலிக்குக் கால் பிடித்துவிடுகிறேன். கால், முதுகு, தோள், கழுத்து. பத்து வருஷமாக இதுதான் வேலை. வெட்கப்பட்ட காலமெல்லாம் போய்விட்டது.

இந்த வேலையில் என்னைப் படுத்திய சங்கடம் வேறு. ஊரில் யாருக்கும் அது தோன்றாது. இந்த ஒரு வருஷத்தில்தான் அது என்னை விட்டுப் போனது. இப்போது மனசு லேசாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி ஹவுராவில் வந்து இறங்கினேன். இவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். “ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு, மெட்ராஸுக்கு மாத்தல் வாங்கிருதேன்” என்றார். மாற்றல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

நாற்பது வயதில் எனக்கு வலது தோள் இறுகிக்கொண்டது. தலை பின்ன முடியாது, கொடியில் துணி போட முடியாது. பவானிபூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு நாலு மாதம் போனேன். காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் புத்தகம் புரட்டுவார்கள், நான் எதிரே வேலை செய்கிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே அழுத்துகிறார்கள், எங்கே விடுகிறார்கள், வலிக்கிற இடத்தை ஏன் கடைசியில் தொடுகிறார்கள். தோள் சரியானதும் அங்கேயே வரவேற்பு மேஜையில் உட்காரும் வேலை கிடைத்தது. பிறகு உதவியாள். பிறகு மசாஜ் சான்றிதழ்ப் படிப்பு.

நாற்பத்து மூன்று வயதில் பரீட்சைக்குப் படித்த கதையைத் தனியாக எழுத வேண்டும். பதினொரு வயது மகள் எனக்குக் கேள்வி கேட்பாள். கெண்டைக்கால் தசையின் படம் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கும். அவளுக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தோம், அக்கம்பக்கம் சேர்ந்து ‘மிது’ ஆக்கிவிட்டது. இங்கே எல்லாப் பிள்ளைக்கும் வீட்டுப் பெயர் என்று ஒன்று வேண்டும். நாங்கள் வைக்காததால் அவர்களே வைத்தார்கள். மிது பேசுகிற தமிழ் வங்காளத்தில் யோசித்துச் செய்த தமிழ். “மா, கீழ் வீட்டு காகு சிகரெட் சாப்பிடுறார்” என்பாள்; காகு என்றால் சித்தப்பா, வங்காளத்தில் சிகரெட்டையும் சாப்பிடத்தான் செய்வார்கள். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, ‘குடிக்கிறார்’ என்று திருத்துவேன்.

என் வங்காளம் மட்டும் என்ன வாழ்ந்தது? நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘பாலோ லாக்சே’ என்று சொல்வார்கள் என்று கற்றுவைத்திருந்தேன். முதல் வாரம் ஒரு பெரியம்மாள் மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு “லாக்சே, லாக்சே” என்றார். பிடித்திருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வெறும் ‘லாக்சே’ என்றால் வலிக்கிறது என்று அர்த்தமாம். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மறுவாரமும் என்னிடமே வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழுத்துவதைவிட அழுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் நாளாகும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் கழுத்தைச் சொடுக்கக் கூடாது. அதெல்லாம் பாடத்தில் இருந்தது. பாடத்தில் இல்லாத ஒன்று இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

3

மேஜையில் படுத்தவர் காலை நான் முதன்முதலாகத் தனியாகப் பிடித்த நாள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயது, வங்கி அதிகாரி. வந்ததுமே என் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். பாதத்தைத் தொட்டதும் மின்சாரம் தாக்கியது மாதிரி காலை இழுத்துக்கொண்டார்.

“சி சி, திதி, நீங்க என்னைவிடப் பெரியவங்க. நீங்க எப்படி என் காலைத் தொடலாம்? பாவம் வந்து சேராதா?”

நம் ஊரிலும் காலைத் தொடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் நம் ஊரில் வைத்தியத்துக்கு வந்தவர் வைத்தியத்துக்கு வந்தவர்தான். இங்கே அறைக்குள் நுழையும்போதே ‘திதி’, அக்கா என்று உறவு வைத்துவிடுகிறார்கள். அக்கா என்று கூப்பிட்ட பிறகு அக்காவுக்கு உண்டான சட்டமெல்லாம் வந்துவிடுகிறது. சின்னவர்கள்தான் பெரியவர்கள் காலைத் தொட வேண்டும். பெரியவள் சின்னவள் காலைத் தொட்டால் அந்தச் சின்னவளுக்கு ஆகாது.

சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை என் கை பாதத்தில் படும்போதும் என் தோளைத் தொட்டுத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். அதுவும் உதவவில்லை. கூச்சப்படுகிற தசையை எந்த எண்ணெயும் இளக்காது. அரைமணி நேரம் பிடித்தும் கெண்டைக்கால் கல்லாகவே இருக்கும். நிலையத்தின் மேற்பார்வையாளர், “உங்க கையில குறை இல்ல, ஆனா உங்ககிட்ட வர்றவங்க காலே சரியாகறதில்லையே” என்றார்.

அடுத்து வந்தவர் என் வயதைக் கேட்டபோது, அவருடைய சீட்டில் நாற்பது என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “முப்பத்தெட்டு” என்றேன். வாய் தானாகச் சொல்லியது. அந்த அம்மாள் நிம்மதியாகக் காலை நீட்டினார். கெண்டைக்கால் வெண்ணெயாக இளகியது.

அன்றிலிருந்து எனக்கு வயது ஒன்று இல்லை, பல. யார் வந்தாலும் அவரைவிட இரண்டு குறைவு. பவானிபூரில் முப்பத்தாறு, சால்ட் லேக்கில் வீட்டுக்குப் போய்ச் செய்யும் இடத்தில் நாற்பத்தைந்து. தமிழ்ப் பெண் முகத்தை வைத்து இங்கே யாருக்கும் வயது கணிக்கத் தெரியாது. தலைக்குச் சாயம், தலையில் கொஞ்சம் பூ, போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர், “இன்னைக்கு ஒனக்கு என்ன வயசுட்டி? ரொம்பக் கொறச்சிராத, பொறவு நான் ஒனக்குச் சித்தப்பா மாதிரி ஆயிருவேன்” என்பார்.

ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சால்ட் லேக் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு வயது சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். சளைக்காமல், “ஒண்ணு சர்ட்டிபிகேட் வயசு, ஒண்ணு சொந்த வயசு. பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ கூட்டிப் போட்டுட்டாங்க” என்றேன். இந்த ஒரு விளக்கத்தை இந்தியாவில் எந்த மூலையிலும் ஒத்துக்கொள்வார்கள். மாமியார் தன் தம்பிக்கும் அப்படித்தான் ஆனது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வெளியே சிரித்துக்கொண்டேனே தவிர உள்ளுக்குள் உறுத்தல்தான். உடம்பை நம்பிக் கொடுக்கிறவர்களிடம் தினம் ஒரு பொய்.

4

போன வருஷம் சொந்த அறை எடுத்தபோது, பொய் சொல்கிற எனக்கு அரசாங்கம் வழிவிடுமா என்று பயமாக இருந்தது. உரிமம் கேட்கும் படிவத்தில் அழகு நிலையம் இருந்தது, உடற்பயிற்சிக் கூடம் இருந்தது, மருத்துவமனை இருந்தது. நான் எதிலும் அடங்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் ‘மசாஜ்’ என்று படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், கூட வந்திருந்த இவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் எலும்பு, தசைப் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்ததும், “போதும் போதும், புரிஞ்சிருச்சு” என்றார். பெண்களுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். காவல் நிலையத்திலிருந்து இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் இருக்க வேண்டும்.

சான்றிதழின் அடியில் என் பிறந்த தேதி கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

லேக் மார்க்கெட்டில் வாங்கிய முருகன் காலண்டரை அதன் கீழ்ப்பாதி மறைகிற மாதிரி மாட்டினேன். மிதுவுக்கு அப்போது இருபது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அறைக்குப் போன் வழியாக நேரம் பதிவு செய்கிற ஏற்பாட்டையெல்லாம் செய்து கொடுத்தாள். காலண்டரைப் பார்த்துவிட்டு, “மா, சாமியைப் பொய்க்கு காவல் வெச்சிருக்கே” என்றாள். தமிழில்தான் சொன்னாள். இப்படிச் சொல்லத்தான் அவளுக்குத் தமிழ் வருகிறது என்று முனகினேன்.

5

அறை திறந்து சில மாதம் கழித்து வந்தவர் அஞ்சனா. புவியியல் ஆசிரியை, வயது ஐம்பது, திருமணம் செய்துகொள்ளவில்லை. டாக்குரியாவிலேயே இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். மெட்ரோ படிக்கட்டில் தவறி இடது கணுக்கால் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு கால் மடங்கவில்லை. அவர் வேலை பார்க்கும் பள்ளி பழைய கட்டடம், லிப்ட் கிடையாது. அவருடைய வகுப்புகள் மூன்றாவது மாடியில். விடுப்பு முடிவதற்குள் படி ஏறி இறங்க முடியாவிட்டால் விருப்ப ஓய்வு பற்றி யோசிக்கச் சொல்லியிருந்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

“இருபத்தாறு வருஷமா நான் மத்தியானச் சாப்பாட்ட அந்த மூணாவது மாடியிலதான் சாப்பிடறேன், தங்கம். வீட்டுல உக்காந்து யார்கூடச் சாப்பிடுவேன்?” என்றார்.

நான் அவரிடம் நாற்பத்தெட்டு என்றேன். உண்மையில் எனக்கு ஐம்பத்து மூன்று. அவர் என்னைத் தங்கை என்று எடுத்துக்கொண்டு ‘துமி’ என்று உரிமையாகப் பேசினார். நான் ‘அஞ்சனாதி’, அஞ்சனா அக்கா, என்றேன்.

வாரம் மூன்று நாள். பயிற்சிகளை அவருடைய பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார், இறுகிய தசையை இளக்கிப் பயிற்சிக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. குந்தி உட்கார்ந்தால் குதிகால் தரையில் படிய வேண்டும். அது படிந்தால்தான் மாடிப்படியில் ஒழுங்காக இறங்க முடியும். முதலில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொன்னபோது, அவர் இடது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் மூன்று விரல் நுழைந்தது. ஒரு மாதத்தில் இரண்டு விரல். துர்க்கா பூஜை வந்தபோது ஒரு விரல்.

பூஜைக்கு எனக்கு ஒரு தாந்த் கைத்தறிப் புடவை வாங்கித் தந்தார், தங்கைக்குத் தருவது போல. துர்க்கையைக் கரைத்த பிறகு பிஜோயா அன்று சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். போனேன். கும்பிட்டேன். அவர் என் தலையில் கை வைத்து நீண்ட ஆயுளோடு இரு என்று சொல்லி வாயில் தேங்காய் உருண்டையை ஊட்டினார். என்னைவிட மூன்று வயது இளையவரிடம் தீர்க்காயுசு வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் காலைத் தர மாட்டார், ஒரு விரல் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லவில்லை. இதுவும் உண்மைதான், கோழைத்தனமும் உண்மைதான்.

6

உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். அதைச் சரிபார்க்க ஒரு சின்ன வயசு அதிகாரிப் பெண் கோப்போடு வந்தார். அஞ்சனாதி மேஜையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அவருடைய பாதம் என் மடியில் இருந்தது. “நீங்க வேலையப் பாருங்க திதி, நான் சுவரைப் பாத்து எழுதிக்கறேன்” என்றார் அந்தப் பெண். நல்ல மாதிரியான பெண். பேனாவின் நுனியால் முருகனை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கோப்போடு ஒப்பிட்டு உரக்கப் படித்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

“ஐம்பத்து மூணு முடிஞ்சிருச்சா? பாத்தாத் தெரியவே இல்லையே, திதி.”

பாராட்டாகத்தான் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் மடியில் இருந்த கால் மெதுவாக விலகியது.

“எத்தனை?” என்றார் அஞ்சனாதி.

பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவரும் நம்பியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

“ஐம்பத்து மூணுதான் அஞ்சனாதி. பொய் சொன்னேன். நீங்க காலைக் கொடுக்கணுமேன்னு சொன்னேன்.”

“மூணு மாசம் நான் ராணி மாதிரிக் காலை நீட்டிட்டு உக்காந்திருந்தேன். பிஜோயா அன்னைக்கு நீங்க என் காலத் தொட்டீங்க. நான் உங்க தலையில கை வெச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

துமி போய் ‘ஆப்னி’ வந்துவிட்டது. நம் நீ போய் நீங்கள் வந்த மாதிரி. மரியாதை கூடக்கூட எனக்கு அழுகை வந்தது. அவர் எண்ணெயைத் தானே துடைத்துக்கொண்டு, காலுறை போட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிடித்து முடிக்காத பாதி வேலை அந்தக் காலில் அப்படியே போனது.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. போன் எடுக்கவில்லை. விடுப்பு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. இறுகிய கால் கவனிக்காவிட்டால் எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். என் பொய்யால் ஒரு டீச்சர் வேலையை விட வேண்டிவருமே என்று இவரிடம் புலம்பினேன். இவர் கேலியை நிறுத்திவிட்டார். “நேர்ல போய்ச் சொல்லிரு. போன்ல இதெல்லாம் ஆகாது” என்றார்.

மிது அருகில் வந்து உட்கார்ந்தாள். “மா, நான் ஒண்ணு சொல்லட்டா? காலேஜ் ஃபார்ம்ல அம்மா என்ன வேலைன்னு கேட்ட இடத்துல ஹவுஸ்வைஃப்னு எழுதினேன். ஸ்கூல்லயும் அப்படியேதான். நான் உன்னைத் திட்ட முடியாது.”

அதுவரை இது எனக்குத் தெரியாது. வலித்தது. ஆனால் சொல்லிவிட்டாளே என்று அதைவிடப் பெரிய ஆறுதல். “இனிமே என்ன எழுதுவே?” என்றேன். “தெரபிஸ்ட். வயசு கேக்கல, அதனால நீ தப்பிச்சே” என்றாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதோம், கொஞ்ச நேரம் சிரித்தோம்.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சனாதி வீட்டுக்குப் போனேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதை வங்காளத்தில் நாலு தடவை மனப்பாடம் செய்தேன். கதவைத் திறந்தவர் கையில் தடி இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

“மன்னிச்சிருங்க” என்று ஆரம்பித்தேன்.

“முதல்ல உக்காருங்க” என்று ஒரு மோடாவை இழுத்துப் போட்டார். பிரம்பில் பின்னிய குட்டை முக்காலி அது, என் முழங்கால் நெஞ்சுக்கு வருகிற உயரம். “செருப்பக் கழட்டுங்க. பாதத்தத் தரையில வையுங்க.”

எதற்கு என்று புரிவதற்குள் என் முன்னால் வந்து நின்று, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகக் குந்தினார். எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் என் பாதங்களைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்தார்.

“பிஜோயா அன்னைக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது. ஆசீர்வாதம் பண்ணுங்க, தங்கம்தி.”

என் கை அவர் தலைக்குப் போகவில்லை. நான் அவருடைய இடது குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க” என்றேன்.

மோடாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து விரலைக் கொண்டுபோனேன். விரல் நுழையவில்லை. சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன். அதுவும் நுழையவில்லை. கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் தள்ளிப் பார்த்தேன். டிக்கெட் மடங்கியது.

“என்ன பண்றீங்க அங்க?” என்றார் அவர், தலையைக் குனிந்தபடியே.

“குதிகால் தரையில இருக்கு அஞ்சனாதி. முழுசா இருக்கு.”

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தானும் குனிந்து பார்த்தார். இரண்டு ஐம்பது வயசுக்காரிகள் தரையில் உட்கார்ந்து ஒரு குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன்.

“உங்க மேல அவ்வளவு கோபம். வீட்டுல உக்காந்தா இன்னும் கோபம் வந்தது. அதனால காலையும் சாயந்தரமும் இந்த மாடிப்படியில மெதுவா ஏறி இறங்கினேன். பயிற்சி ஒண்ணையும் விடல. உங்ககிட்டதான் வரக் கூடாதுன்னு இருந்தேன்” என்றார்.

கோபம் வாழ்க என்று நினைத்துக்கொண்டேன். தேநீர் போட்டார். எலுமிச்சை பிழிந்த தேநீர், பிஸ்கட், பள்ளிக்கூடக் கதைகள். படி இறங்கித் தெருமுனைக்கு வந்த பிறகுதான், கேட்ட ஆசீர்வாதத்தைப் பண்ணவே இல்லை என்று நினைவு வந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலண்டரைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினேன். இப்போது யார் கேட்டாலும் ஐம்பத்து மூன்று என்றே சொல்கிறேன். கூச்சப்படுகிறவர்களிடம், முதலில் உங்கள் கூச்சத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேஜையில் ஏறுங்கள் என்கிறேன். அதிலேயே யார் எவ்வளவு குனிகிறார்கள், எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். போகட்டும். யாரிடம் என்ன வயது சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அனுபவித்தால்தான் தெரியும்.

அஞ்சனாதியின் விடுப்பு முடிந்த திங்கட்கிழமை, பதினோரு மணி இருக்கும், ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மிது அன்று அறையில் இருந்தாள், எடுத்து என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் நிறையப் பெண்பிள்ளைகளின் சத்தம், மேலே மூச்சு வாங்கும் சத்தம்.

“மூணாவது மாடியிலேர்ந்து பேசறேன், தங்கம்தி. தடி எடுத்துட்டு வரல.”

இரண்டு கையிலும் எண்ணெய். அவரை எப்போதும் அக்கா என்றே கூப்பிட்ட வாயில், யோசிக்காமல், தமிழில் வந்துவிட்டது.

“நல்லா இருடீ, தாயீ.”

“என்ன? புரியலையே, என்ன சொன்னீங்க?” என்றார் அவர். நான் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டதைப் பார்த்து மிது போனைத் தன் பக்கம் திருப்பி, சித்தியிடம் சொல்வது போல வங்காளத்தில் அவருக்குச் சொன்னாள்: “ஆசீர்வாதம் பண்றாங்க, மாஷி. அம்மா பெரியவங்க இல்லையா.”